சுமை இறங்காமல் புண் ஆறாது



சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலில் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் நின்று, கடைசியில் விரலையோ பாதத்தையோ முழங்காலுக்குக் கீழ் முழுவதையுமோ எடுக்க வைக்கும் புண்ணைப் பற்றி இன்று பேசுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும், மறையூர், மூணாறு, பூப்பாறை, உடும்பன்சோலை, குமுளி, வண்டிப்பெரியாறு என்று இடுக்கியின் மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் புண் புதிதல்ல. மாத்திரை சாப்பிடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்துக் கட்டுகிறார்கள். அப்படியும் புண் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ‘சுகர் ஏறிப்போச்சு’ என்ற பதில் உடனே வருகிறது. அந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் வாதம். ஆறுவதற்கு ஆயத்தமாக இருக்கும் புண்ணின் மேல் நாள் முழுக்க ஓர் உடலின் எடை ஏறி இறங்குகிறது. அந்த எடையை இறக்குவது இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து. எப்படி இறக்குவது என்பது மருத்துவத்துக்கு முக்கால் நூற்றாண்டாகத் தெரியும். இந்த மலையிலும் இந்த வயலிலும் அதை இறக்க விடாமல் தடுப்பது கூலி. புண் ஆறும்வரை வேலைக்குப் போகாமலிருக்கும் நாட்களின் கூலியையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக எண்ணாதவரை, நாம் கொடுக்கும் மற்ற மருந்துகளில் பெரும்பகுதி வீணாகும். இதைச் சான்றுகளோடு சொல்ல முயல்கிறேன். இதற்கு எழும் மறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நோயின் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ‘இந்தியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணித்தது. வயதுவந்தோரில் கேரளத்தில் 25.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. கேரளத்தில் நான்கு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரும் என்று ஆர்ம்ஸ்ட்ராங், போல்ட்டன், பஸ் ஆகிய மூவரும் 2017இல் உலக ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். ஆறிய புண் ஓராண்டுக்குள் மீண்டும் வருவது 40 விழுக்காடு, ஐந்தாண்டுக்குள் 65. பெரிய அளவில் கால் நீக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. புற்றுநோய் என்றால் வீடே எழுந்து ஓடுகிறது. உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவு புண் என்றால் வேலை முடித்துவிட்டுச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வலிக்கவில்லையே!

வலி இல்லாததுதான் இந்த நோயின் மையம். பல ஆண்டு கூடியிருந்த சர்க்கரை, உடம்பின் மிக நீண்ட நரம்புகளை முதலில் கெடுக்கிறது. அவை பாதத்தில் முடிபவை. உணர்வு நரம்பு கெட்டால் கால் மரத்துப்போகிறது. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கிபோல் மடங்கி, அவற்றின் அடியிலுள்ள எலும்பு முண்டுகள் தரையை நோக்கி இறங்குகின்றன. வியர்வை நரம்பு கெட்டால் தோல் வறண்டு பித்தவெடிப்பு விழுகிறது. முண்டு அழுத்தும் இடத்தில் தோல் தடித்து இறுகுகிறது. நாம் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவிக்கொள்வது அதைத்தான். அந்தத் தடிப்புக்கு அடியில் இரத்தம் கட்டி, சதை நைந்து, ஒருநாள் உடைந்து புண்ணாக வெளியே தெரிகிறது. வெளியே தெரியும் நாளில் அது ஏற்கெனவே பழைய புண். ஒருவர் நாளொன்றுக்கு 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு காலும் 2,500 முறை உடம்பு முழுவதையும் தாங்குகிறது. உணர்வுள்ளவர் தம்மை அறியாமலே நடையை மாற்றி, நொண்டி, அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார். மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது.

இந்தப் பகுதியின் வேலையும் வழக்கமும் இந்த நோயோடு நன்றாகப் பொருந்திக்கொள்கின்றன. தேயிலைச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடல் எடையோடு முதுகில் தொங்கும் கொழுந்துப் பையின் எடையும் சேர்ந்து, இறக்கத்தில் நிற்கும்போது விரல் நுனிகளிலும் முன்பாதத்திலும் குவிகிறது. மழைக்கால அட்டைக்கடி ஆறாமல் சொறிந்து புண்ணாகிறது. ரப்பர் பூட்ஸுக்குள் விழுந்த ஒரு கல், மரத்த காலோடு மாலை வரை கூடவே நடக்கிறது. மூணாற்றுக் குளிரில் தீயருகே காலை நீட்டுவதும், சுடுநீர் ஊற்றிக்கொள்வதும் தோல் பொசுங்குவதை உணராமல் புண்ணில் முடிகின்றன. பாலக்காட்டுச் சித்தூர் வயல்களில் சேற்றுப்புண் விரலிடுக்கில் வாசல் திறக்கிறது. பழனிக்கும் சபரிமலைக்கும் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பவர்களில் மரத்த காலினரும் இருக்கிறார்கள். பக்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. உணர்விழந்த கால் உள்ளவர் செருப்போடு நடந்து வந்தால் முருகனோ ஐயப்பனோ கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்று குருசாமிகளும் பூசாரிகளும் வாய்திறந்து சொன்னால், அது பல மருத்துவ முகாம்களைவிடப் பயன் தரும்.

எடைதான் புண்ணை உண்டாக்குகிறது என்ற அறிவு தமிழ் மண்ணில் வேர் கொண்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளின் அன்றாட வேலையைக் கூர்ந்து கவனித்து, அழிவுக்குக் காரணம் உணர்வின்மையும் ஓயாத அழுத்தமும் என்று காட்டினார். உள்ளங்கால் புண்ணுக்கு முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை ஒட்டிப்பிடிக்கும் மாவுக்கட்டுப் போட்டு, எடையைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பரப்பினார். இவருக்கு முன்பே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களில் தொழுநோய்ப் புண்களுக்கு இதே போன்ற கட்டைக் கையாண்டிருந்தார். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்த அறிவும் கூடப் போனது. அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் அதே புண், அதே இடத்தில், அதே காரணத்தால் வருவது தெரிந்தது. உள்ளங்கால் பகுதியை மெத்தென்று தாங்கும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் நம் நாட்டுத் தொழுநோய்ப் பணியில் பரவிய பொருள்தான். உலகின் பெரிய மருத்துவமனைகள் இன்று கையாளும் முறையின் மூலம் நம் ஊரில் இருக்கிறது. நம் தாலுகா மருத்துவமனைகளில் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். சர்க்கரைப் புண்ணுக்கு அதைப் போட்டுப் பார்ப்பது மிக அரிது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2001இல் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒட்டிப்பிடிக்கும் மாவுக்கட்டுப் போட்டவர்களில் 12 வாரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டக்கூடிய நடைக்காலணி அணிந்தவர்களில் 65 விழுக்காடு. முன்பாதத்தைத் தூக்கி நிறுத்தும் அரைக்காலணிக்கு 58. கழற்றக்கூடிய காலணியும் அழுத்தத்தை ஏறத்தாழ அதே அளவு குறைக்கிறது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அதே குழு 2003இல் கருவி பொருத்திக் கணக்கெடுத்தது. நோயாளிகள் தாம் எடுத்துவைத்த அடிகளில் 28 விழுக்காட்டுக்கு மட்டுமே அந்தக் காலணியை அணிந்திருந்தார்கள். வீட்டுக்குள் போனதும் கழற்றிவிட்டார்கள். இதற்கு அடுத்து, அதே காலணியைக் கழற்ற முடியாதபடி மேலே கட்டுத்துணி சுற்றி இறுக்கிப் பார்த்தபோது அது மாவுக்கட்டுக்கு நிகராகப் பலன் தந்தது. காலிலிருந்து இறங்காத எடையே இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்குகிறது. சர்க்கரைப் பாதம் பற்றிய பன்னாட்டுப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால் வரையிலான கழற்ற முடியாத கட்டையே முதல் தேர்வாகச் சொல்கிறது. அது கிடைக்காத இடத்தில், தகுந்த செருப்போடு தடித்த ஃபெல்ட்டும் நுரைப்பஞ்சும் வெட்டி ஒட்டி எடையை விலக்கச் சொல்கிறது.

‘நோயாளிகள் சொன்னதைக் கேட்பதில்லை, அதுதான் காரணம்’ என்ற மறுப்பு இங்கே எழும். மருத்துவர்களும் செவிலியரும் சலித்துப்போய்ச் சொல்வது இது. சென்னை இராயபுரத்திலுள்ள எம். விசுவநாதன் சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. பாதப் பராமரிப்பு பற்றிக் கற்பித்துப் பின்தொடர்ந்ததில், அறிவுரையைக் கண்டிப்பாகப் பின்பற்றியவர்களில் 82 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது, பின்பற்றாதவர்களில் 50. புதிய சிக்கல்களும் அறுவைகளும் முதல் பிரிவினருக்கு மிகக் குறைவு. கற்பித்தல் பயன் தருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இது குலுக்கிப் பிரித்த ஆய்வன்று. பின்பற்றியவர்கள் தாமாகவே பிரிந்து நின்றவர்கள். ஓய்வெடு என்றால் ஓய்வெடுக்க யாரால் முடியும்? வீட்டில் இன்னொரு வருமானம் உள்ளவரால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவரால் முடியும். மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு போராடத் தெருவில் இறங்கியபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் 301 ஆனது. அந்தக் கூலியில் பன்னிரண்டு வாரம் விட்டுக்கொடு என்று சொல்வதும், கொடுக்காவிட்டால் அலட்சியம் என்று பெயர் சூட்டுவதும் மருத்துவம் ஆகாது. கழற்றும் வசதி இருந்தால் அமெரிக்க நோயாளியும் கழற்றினார் என்பதை மேலே பார்த்தோம். இந்த மலையில் கழற்ற வைப்பது அடுப்பு.

இங்கே ஒரு பெரிய விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும்; இதைத் தவறவிட்டால் என் பேச்சு ஆளைக் கொல்லும். எல்லாப் புண்ணும் எடையால் மட்டும் நிற்பதில்லை. கிருமி ஆழத்தில் பரவிய கால் வேறு வகை. இரத்த ஓட்டம் அடைபட்ட கால் வேறு வகை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிப் படர்ந்தால், பாதம் வீங்கிச் சூடானால், சீழோ துர்நாற்றமோ வந்தால், தோல் கறுத்தால், தோலுக்கடியில் நறநறவென்று காற்று தட்டுப்பட்டால், அது நாளை பார்க்கும் நோயன்று. காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளவே கூடாது. பாதத்துக்கே ஆபத்தான தொற்றிலும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை. திடீரென்று கட்டுக்கடங்காமல் ஏறும் சர்க்கரை சில நேரம் ஒரே அறிகுறி. உள்ளங்கால் அறைகளில் தேங்கிய சீழை அன்றே கீறி வெளியேற்றாமல் ஊசி மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், அழுத்தம் கூடி நல்ல சதையும் சாகும். அப்படிப்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போடவே கூடாது. முதலில் அறுவை, நரம்பு வழி மருந்து, இன்சுலின்; எடை இறக்கும் பேச்சு அதற்குப் பிறகு. அதேபோல் பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறமும் நாடி தட்டுப்படாத காலில், அடைப்பைக் கண்டு இரத்தம் திரும்ப வழி செய்யாமல் புண் ஆறாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் இது கூடுதல். உயிரைக் காக்கக் காலை எடுக்கவேண்டிய கட்டங்களும் உண்டு; அப்போது எடுக்கச் சொல்லும் அறுவை மருத்துவரிடம் சண்டை பிடிப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. ஆனால் இத்தகைய கால்களில் பலவும் மாதக்கணக்கில் எடை ஏறிய சாதாரணப் புண்ணாகத் தொடங்கியவை. அவசரக் கட்டத்துக்கு வந்த காலைப் பார்த்து, எடையா முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

கிருமிக்கொல்லி மருந்துகள் பற்றியும் ஒரு சொல். தொற்று அறிகுறி எதுவும் இல்லாத புண்ணுக்கு அவை தேவையில்லை என்று வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. தோலிலும் சதையிலும் தொற்று இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் போதும். எலும்பு வரை போயிருந்தால், எலும்பை எடுக்காத நிலையில் ஆறு வாரம் அளவு. மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்லச் செலுத்தி எலும்பு கட்டியாகத் தட்டுகிறதா என்று பார்ப்பதும், ஓர் எக்ஸ்ரேயும், இரத்தப் படிவு வேகச் சோதனையும் எலும்புத் தொற்றை ஊகிக்க உதவும். இவை தாலுகா மருத்துவமனையிலேயே முடிகிற காரியங்கள். நம் போன்ற வெப்பநாடுகளில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மேலைநாடுகளைவிட அதிகம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஐந்து மாத்திரை இவற்றைக் கொல்வதில்லை, பழக்கிவிடுகிறது. மாறாக, இரத்த ஓட்டம் அடைபடாத எல்லாப் புண்ணுக்கும் தேவையானதும் விலை குறைந்ததும், இறந்த சதையையும் ஓரத்துத் தடிப்பையும் கத்தியால் சீவி எடுப்பது. மரத்த காலில் இதற்கு மயக்க மருந்தே பெரும்பாலும் வேண்டாம். இதைச் செய்யாமல் மேலே மேலே களிம்பு பூசுவது வழக்கமாகிவிட்டது.

நாட்டு வைத்தியத்தில் ஆறியதே என்று கேட்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். சில புண்கள் ஆறித்தான் இருக்கும். பச்சிலைக் கட்டோடு ஒரு மண்டலம் பத்தியம், வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, நடக்கக் கூடாது என்று ஒருவர் கட்டளையிட்டு, அதை வீட்டார் காத்திருந்தால், அங்கே ஆற்றியதில் பெரும்பங்கு நடக்காததற்கு உரியது என்று நினைக்கிறேன். அரசு மருத்துவமனை கொடுக்காத ஓய்வை வைத்தியர் கொடுத்துவிடுகிறார். ஆனால் சூடாக்கிய இலையும் இறுக்கிய கட்டும் மரத்த காலைப் பொசுக்கும். சீழ் உள்ளே இருக்கும்போது மேலே மூடினால் கால் போகும். இந்த இரண்டையும் தவிர்க்கச் சொல்லிவிட்டு, அந்த ஓய்வை நாம் கற்றுக்கொள்ளலாம்.

இனி கூலிக்கு வருகிறேன். இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள்ளேயே ஒரே புண்ணுக்குப் பல சட்டங்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. பதிவு உள்ள தொழிலாளிக்கு, நோய்விடுப்பில் கூலியின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. வகுத்த 34 நோய்ப் பட்டியலில் சர்க்கரைப் பாதம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. உரிய பணிக்காலமும் சந்தாவும் இருந்தால் கூலியின் 80 விழுக்காட்டை ஈராண்டு வரை பெறலாம். இந்தப் புண் ஆற நாளாகும், அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டும் என்பதை இந்திய அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டு எழுதிவைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் நோய்க்காலப் படியையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது நிரந்தரத் தொழிலாளரைக் கருதி எழுதப்பட்டது. பல வாரம் நீளும் புண்ணை அது கணக்கில் வைக்கவில்லை. தமிழ்நாட்டின் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் களை வெட்டிக் காய் எடுத்துச் சாயங்காலம் இறங்கும் பெண்ணுக்கும், முதலமடை மாந்தோப்பில் பருவக்கூலி செய்பவருக்கும் நடைமுறையில் இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. சித்தூரில் தென்னை ஏறிக் கள் இறக்குவோருக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நலநிதி உண்டு. கால் போனால் தொழிலே போகும் அந்த மனிதருக்கு, கால் போகுமுன் ஓய்வுக்கூலி கொடுக்க அந்த நிதியைவிடப் பொருத்தமான இடம் எது?

புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது. தொழுநோய்த் திட்டத்தில் உணர்விழந்த காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசம், கைகால் சீரமைப்பு அறுவை செய்துகொள்ளும் நோயாளிக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட உதவித்தொகையும் உண்டு. மரத்துப்போன ஒரு பாதத்துக்குக் காரணம் தொழுநோய்க் கிருமி என்றால் அரசு செருப்பும் கூலியும் தருகிறது. காரணம் சர்க்கரை என்றால் மாத்திரையோடு அனுப்பிவிடுகிறது. புண் இரண்டிலும் ஒன்றே. சர்க்கரை நோயாளிகள் எண்ணிக்கையில் பெரும் மடங்கு என்பதால் செலவு தாங்காது என்பார்கள். சர்க்கரை உள்ள எல்லாருக்கும் கேட்கவில்லை; உள்ளங்காலில் புண் திறந்து, கட்டுப் போட்டு, வேலை நிறுத்தப்பட்டவர்களுக்கு மட்டும், ஆறும் வரை. கால் எடுக்கும் அறுவை, மருத்துவமனைப் படுக்கை, செயற்கைக் கால், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஊனமுற்றோர் ஓய்வூதியம், வேலை நிறுத்திக் கவனிக்க வீட்டிலிருக்கும் மகளின் கூலி ஆகியவற்றை எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பொய் சொல்லி வாங்குவார்கள் என்ற மறுப்பும் வரும். முதுகுவலியை அளக்க முடியாது. புண்ணை அளவுகோல் வைத்து அளக்கலாம். செவிலியர் வாரந்தோறும் நீளம், அகலம் குறித்துப் படம் எடுத்துவைத்தால் போதும். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகச் சுருங்கிய புண் 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு, அப்படிச் சுருங்காத புண்ணைவிடப் பல மடங்கு என்று 2003இல் ஷீஹன் குழுவினர் காட்டினார்கள். சுருங்கினால் ஓய்வு நடக்கிறது, உதவித்தொகை தொடரட்டும். சுருங்கவில்லையென்றால் ஆளைச் சந்தேகிக்கும் முன் இரத்த ஓட்டத்தையும் எலும்பையும் கட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே அளவீடு மருத்துவத்துக்கும் கணக்குக்கும் உதவுகிறது. கட்டைப் போட்டுவிட்டால் நடக்கலாமே, பிறகு எதற்கு ஓய்வுக்கூலி என்று கேட்பவர்கள் தோட்டத்துச் சரிவைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாவுக்கட்டோடு லயத்து வீட்டு வாசலுக்கும் கழிப்பறைக்கும் போகலாம். மழையில் ஏலத்தோட்டம் இறங்க முடியாது, இறங்கினால் விழுவார். கட்டு சரியாகப் போடப்படாவிட்டால் மரத்த காலில் அதுவே புதுப் புண் உண்டாக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருவருக்காவது முறையான பயிற்சி வேண்டும் என்கிறேன். முதல் கட்டை சில நாளில் பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு வாரம் ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

இதைச் செய்ய ஆள் இல்லையா? கேரளம் 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கை வகுத்த மாநிலம். பஞ்சாயத்துச் செலவில் பாலியேட்டிவ் செவிலியர் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறார்கள். கால் போன பின்பு அவர்கள் வருகிறார்கள். கால் இருக்கும்போதே, புண் திறந்த முதல் வாரத்திலேயே அவர்கள் பட்டியலில் பெயர் ஏறட்டும். 2017இல் தொடங்கிய ஆர்த்திரம் திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை வரை மருத்துவர் இருக்கிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பாதம் பாதுகாப்போம் என்ற பெயரில் தனித் திட்டமும் உண்டு. இரண்டு மாநிலமும் விழித்துத்தான் இருக்கின்றன. எல்லையில் வாழ்பவர் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார். மூணாற்றிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி தூரம். பூப்பாறைக்காரருக்குப் போடிமெட்டு இறங்கித் தேனி போவது இயல்பு. கொழிஞ்சாம்பாறைக்கும் அகளிக்கும் கோயம்புத்தூர் அருகில். போகட்டும், காலுக்கு எது கிட்டமோ அங்கே போவதுதான் சரி. ஆனால் தேனியில் எழுதிய ஓய்வுச் சீட்டையும் அறுவைக் குறிப்பையும் இடுக்கியின் தோட்ட அலுவலகமும் சுகாதார நிலையமும் ஏற்க வேண்டும்; இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம் இது.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வரும் பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் பகலில் வீட்டுக்கு வரும்போது அவர் மலைக்கு மேலே இருக்கிறார். மலைக்கு மேலே இருக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இரண்டு மாநிலத்துக் கணக்கிலும் படாத அந்தக் காலைச் சோதிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி இலேசாகத் தொட வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லையென்றால் கால் மரத்திருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட இந்தத் தொடுசோதனை, பத்துக் கிராம் நைலான் இழைச் சோதனைக்கு ஏறத்தாழ இணையாக நிற்கிறது. சம்பளம் கொடுக்கும் நாளில் தோட்டத்தின் எல்லாத் தொழிலாளரும் ஓரிடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒரு சுகாதாரப் பணியாளர் அங்கே உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலைப் பார்த்து, விரல் நுனிகளைத் தொட்டுக் குறித்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மரத்த கால் என்று தெரிந்தவருக்குச் சரிவில் இறங்காத வேலையாக, நாற்றங்காலிலோ காய் தரம் பிரிக்கும் கொட்டகையிலோ கொடுக்கும்படி எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அந்தப் பணியாளருக்கு வேண்டும். அடுத்த சம்பள நாளில் அது நடந்திருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் அவருக்கே இருக்க வேண்டும்.